கலும்பா பொறுக்கியெடுக்கும் நிஜப் படங்கள்

"இதுல எத்தனை பேர் சாவாங்க?" என்று கேட்கிறார் கலும்பா. செம்புச் சுரங்க ஊரான கிட்வேயின் சந்தையில் பென் டிரைவில் படம் ஏற்றித் தரும் கடை அது. கடைக்காரர் யோசித்து, நாலு பேர் என்கிறார். "நாலுதானா? பிள்ளைங்க கொட்டாவி விடும்ப்பா." அடுத்த படத்தை விசாரிக்கிறார்.

சனிக்கிழமை மதியம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க ஆவணப்படம்தான் வேண்டும். பொம்மைப் படம் என்றாலே மூக்கைச் சுளிப்பார். நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும்; பார்க்கிறவனுக்கு ஈரக்குலை நடுங்கவும் வேண்டும். ஒருமுறை பெங்குவின் படத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று சண்டைக்கே போனார். பறவை நடக்கிறது, நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது, இதற்கா காசு என்று கத்தினாராம். முதலை கவ்விய கால், பனியில் விறைத்த மலையேறிகள், இதெல்லாம்தான் ஆறு வயதுப் பையனுக்குப் பொது அறிவு!

படம் ஓடும்போது அவர் திரையைப் பார்ப்பதில்லை. மகள் சிலேஷே, மகன் ம்வாபே, இருவர் முகத்தையும்தான் பார்ப்பார். அவித்த வேர்க்கடலை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றால் படம் தேறிவிட்டது. பையன் முகத்தைப் பொத்திக்கொண்டால், "கண்ணைத் தொறடா, நிஜம்டா இது" என்று அதட்டுவார். நடுவில் கரண்ட் போனால் மிச்சக் கதையைத் தானே சொல்வார். அதில் செத்தவர்கள் இரண்டு மடங்காகிவிடுவார்கள்.

இப்பேர்ப்பட்ட சூரருக்கு வேலை சுரங்கத்தின் விளக்கறையில். கீழே இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கை எடுத்துக் கொடுப்பார். ஏறி வந்ததும் வாங்கித் துடைத்துச் சார்ஜில் மாட்டுவார். பதினான்கு வருடத்தில் ஒரு நாள்கூட இறங்கியதில்லை. ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டுப் பக்கம்கூடப் போக மாட்டார். பிள்ளைகளிடமோ, ஆயிரம் மீட்டர் ஆழத்தில் பாறையோடு மல்லுக்கட்டுவதாக அளந்து வைத்திருக்கிறார். இது ஏன் என்று மனைவி முசோண்டா கேட்டதற்கு, வீட்டில் ஒரு மதிப்பு வேண்டாமா என்றார். மதிப்பாம், மதிப்பு!

போன சனிக்கிழமை கொண்டுவந்தது, எங்கோ தூர தேசத்தில் இடிந்து விழுந்த சுரங்கத்தின் படம். பதினோரு பேர் என்று வாசலிலேயே அறிவித்தார். திரையில் மண் சரிந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. மனிதர் பூரித்துப் போனார். அப்போதுதான் ம்வாபே எழுந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தான். கால்சட்டை நனைந்திருந்தது.

"திங்கக்கிழமை வேலைக்குப் போகாதப்பா. கீழ போனா நீயும் செத்துருவ."

முசோண்டா களி கிளறிய துடுப்போடு வந்து, பிள்ளைகளுக்குக் கேட்காமல் அவர் காதருகே குனிந்தாள். "ம்வாபே அப்பா, சொல்லிடுங்க. நான் கீழ போறதே இல்லடான்னு ஒரு வார்த்தை. பிள்ளை பயந்து சாகுது."

கலும்பா பையனைப் பார்த்தார். பிறகு சிலேஷேயைப் பார்த்தார். அவள் கண்ணிமைக்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது முகம் முழுக்கப் பெருமை.

பையனைத் தூக்கி மடியில் வைத்து, "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுடா, இந்த மாதிரி எத்தனையோ பார்த்தாச்சு" என்று கண்ணீரைத் துடைத்துவிட்டார். அவருடைய இன்னொரு கை ரிமோட்டைத் துழாவி எடுத்து, சத்தத்தைக் கூட்டியது.