அக்கரப்பத்தனை ஏரியலுக்கு வயர் தேடியது

ரேடியோ வேலை செய்கிறவனை ரேடியோ கெடுப்பதில்லை, அதிலிருந்து ஏரியலுக்குப் போகும் வயர்தான் கெடுக்கும். இந்தத் தொழிலில் நனைந்த அன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மழையில் ஊமை

ஐம்பதுகளின் கடைசியில் இலங்கை மலைநாட்டு அட்டனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் ரேடியோ மெக்கானிக்காக இருந்தேன். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொண்ட டீமேக்கர், லைசென்ஸ் வாங்கி ரேடியோவில் வெளிநாட்டாரோடு பேச ஆசைப்பட்டார். வீட்டருகே ஏரியல் கம்பமும் நட்டுவிட்டார். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கு அது பிடிக்கவில்லை. மாதக் கடைசியில் வருவேன், கடல் தாண்டி ஒரு குரல் கேட்காவிட்டால் கம்பத்தை இறக்கிவிடு என்றார்.

வயர் இழுக்கும் வேலை என்னிடம் வந்தது. நான் பிளாஸ்டிக்கில் பதித்த தட்டை வயரைத் தேர்ந்தெடுத்தேன். கடையில் அருமையாக வேலை செய்தது. அங்கே மழையில் நனைந்ததும் பாதிச் சக்தியை அதுவே விழுங்கிவிட்டது. டீமேக்கர் கோபிக்கவில்லை. "தம்பி, ஒங்க வயரு வெயிலடிச்சாத்தான் பேசும் போல. இங்க வெயிலுக்கு நாங்க எங்க போறது?" என்றார்.

மெழுகு வாசம்

அடுத்து, இரண்டு செம்புக் கம்பிகளை இடைவெளி விட்டு ஓட்டுவது என்று முடிவு செய்தேன். நடுவே நிறுத்தும் மரக்குச்சிகளில் ஈரம் ஏறாதிருக்க மெழுகில் காய்ச்ச வேண்டும். தேயிலைப் பெட்டிச் சட்டங்களை டீமேக்கரே அறுத்துக் கொடுத்தார். கொழுந்து உலர்த்தும் அடுப்பு சும்மாதானே எரிகிறது என்று மெழுகுச் சட்டியை அதன் வாசலில் வைத்தேன் பாருங்கள், அந்தச் சாந்தமான மனிதர் ஓடி வந்து பிடுங்கினார். தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்று ரேடியோக்காரனுக்கு எப்படித் தெரியும்? அவர் மனைவிதான் வீட்டு அடுப்பைக் கொடுத்தார். வீடெல்லாம் மெழுகு நாற, எனக்குச் சோறும் போட்டார். "வீடு நாறுனா கழுவிக்கலாம், தேயிலை நாறுனா அவரு வேலையே போயிரும். நீங்க சாப்பிடுங்க தம்பி."

துரை வந்த நாள்

காலையில் நன்றாக இருந்த ரேடியோ, மத்தியானம் துரை வந்து உட்கார்ந்ததும் மக்கர் செய்தது. வெளியே ஓடிப் பார்த்தால், நிறுவைக்குக் கொழுந்து கொண்டுவந்த பெண்கள் நனைந்த கம்பளிகளை என் கம்பிகளில் வரிசையாகக் காயப்போட்டிருந்தார்கள். குச்சி கட்டிய இரட்டைக் கம்பி. நானாக இருந்தாலும் கொடி என்றுதான் நினைத்திருப்பேன். கெஞ்சி எடுக்க வைத்தேன். டீமேக்கர் ரேடியோவில் மறுபடி கூப்பிட்டார். இரைச்சலுக்குள்ளிருந்து மலேயாக்காரர் ஒருவர் பதில் சொன்னார். டீமேக்கருக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான். துரை வெளியே வந்தார். ஈரக் கம்பளியோடு நின்ற பெண்களைப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் என்னிடம் சொன்னார்: "கம்பம் இருக்கட்டும். இந்தப் பொம்பளைங்களுக்கு ஒரு கொடி கட்டிக் குடு."

எனக்கு வயர் அமைய இரண்டு தடவை ஆனது, மனிதர்கள் முதல் தடவையே அமைந்துவிட்டார்கள்.