மஞ்சள் பையில் வந்த பாட்டில்

போன தை மாதம் நடந்தது. நெடுங்காடு பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை நான். வேளாண்மையை வகுப்பறைக்குக் கொண்டுவருவது எப்படி என்று எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி என்றாலே டீ, சமோசா, கையெழுத்து என்று நினைக்கிற ஆள் நான். ஆனால் அங்கே சொன்ன ஒரு யோசனை பிடித்துவிட்டது. வீட்டிலுள்ள விவசாயப் பொருள் ஒன்றைப் பிள்ளைகள் கொண்டுவந்து, அதைப் பற்றி அவர்களே பேச வேண்டும்.

அறுவடைக்கு நின்ற நெல்லெல்லாம் மழையில் சாய்ந்து முளைத்துப்போயிருந்த நேரம். பிள்ளைகளாவது கலகலப்பாகப் பேசட்டும் என்று நினைத்தேன்.

அரிவாள், விதைநெல், மரக்கால் என்று மேசை நிறைந்துவிட்டது. கடைசி பெஞ்சுச் சிறுமி மட்டும் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. வாங்கிப் பார்த்தேன். பூச்சிமருந்து பாட்டில், பாதிக்கு மேல் இருந்தது. இதையெல்லாம் தொடலாமா என்று அவளை நன்றாகத் திட்டிவிட்டு, பாட்டிலை அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, அப்பாவை வந்து வாங்கிக்கொள்ளச் சொல் என்றேன். அவள் நகரவில்லை.

"வேணாம் டீச்சர். இங்கயே இருக்கட்டும்."

ஏன் என்று கேட்டேன்.

"வயல்ல பயிரே இல்ல டீச்சர். அப்பா மட்டும் அத எடுத்து எடுத்துப் பாக்குறாரு."

தலைமையாசிரியரும் நானும் அப்போதே அவளோடு கிளம்பினோம். அவள் அப்பா மாட்டுக்கொட்டகையில் சாக்குகளை உதறிப் போட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார். மகளோடு எங்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"பாப்பாவா எடுத்துச்சு?" என்று மட்டும் கேட்டார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். அவர் மனைவிக்கு அதுவரை எதுவுமே தெரியாது. அன்று இரவு முழுக்க உறவுக்காரர்கள் அவரைத் தனியே விடவில்லை. மறுநாள் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனோம்.

இப்போது அவர் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். நிலம் தரிசாகக் கிடக்கிறது. மகளிடம் முன்போலப் பேசுவதில்லை, அவள் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது என்கிறாராம். ஆனாலும் ஆள் இருக்கிறார்.

இந்த வருஷமும் அந்தப் பாடத்தை நடத்தினேன். யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று பார்ப்பதைவிட, மணி அடித்த பிறகு எந்தக் குழந்தை அதை வீட்டுக்கு எடுத்துப்போகத் தயங்குகிறது என்றுதான் என் கண் தேடுகிறது.