திரையில் மாதுளை, தாளில் செங்கல்

என் மனைவியின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. இருக்கிறது என்று அவளை நம்ப வைத்தவன் நான். அதுவும் எதற்காக? ஒரு கணினித் திரைக்காக!

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் நான் எழுதுவினைஞன். தர்சினி வீட்டிலிருந்தே கல்யாண அழைப்பிதழ்கள் வடிவமைத்து வந்தாள். பழைய மொனிட்டர் பழுதானபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: புதியது நிறத்தை உள்ளபடி காட்டவேண்டும். அன்று வேலை நெருக்கடி என்பதால் என்னைத் தனியே கடைக்கு அனுப்பினாள்.

கடைக்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்று சாதாரணமானது, ஆனால் நிறம் துல்லியம். மற்றது வளைந்த பெரிய திரை. அதில் காட்சி வழுக்கிக்கொண்டு ஓடியது. "இது கேம் விளையாடத்தான் அண்ணை. கார்ட் அடிக்கிற வேலைக்குச் சரிவராது" என்று அவர் ஒளிக்காமல்தான் சொன்னார்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. அலுவலகம் விட்டு வந்ததும் துப்பாக்கி விளையாட்டில் குந்துகிறவன். எதைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்... வேலைக்கும் விளையாட்டுக்கும் இதுதான் திறம் என்று கடைக்காரர் சொன்னதாக அவளிடம் அளந்தேன்.

அதையாவது ஆசை என்று நீங்கள் விட்டுவிடக்கூடும். அடுத்ததை எப்படிச் சொல்வேன்?

கிண்ணியாவிலிருந்து ஒருவர் தன் மகளின் கல்யாணத்துக்கு, மணப்பெண்ணின் சேலைக்கு ஏற்ற மாதுளை நிறத்தில் அழைப்பிதழ் கேட்டிருந்தார். அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்துப் பார்த்தவர் கோபிக்கவில்லை. "நாங்க கேட்டது மாதுள நிறம், மகள். இது செங்கல் மாதிரி இருக்கு" என்றார் தர்சினியிடம். எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தர்சினி ஓர் அழைப்பிதழை எடுத்துத் திரையோடு சேர்த்துப் பிடித்தாள். "இஞ்சருங்கோ, எனக்கு மொனிட்டரில மாதுளையாத்தான் தெரியுது. உங்களுக்கு?"

எனக்கும் மாதுளைதான். பளிச்சென்ற மாதுளை! ஆனால் அதைச் சொன்னால் பிழை திரையில் என்று ஆகிவிடும். கடையில் பொருளை மாற்றித் தரும் தவணை முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. திரை கடைக்கே திரும்பிவிடும். சனிக்கிழமை எங்கள் குழுவுக்கு இணையத்தில் ஒரு போட்டி...

"எனக்கு ரெண்டும் செங்கலாத்தான் தெரியுது" என்றேன்.

அவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் ஆறுதலாகச் சோதித்துவிட்டு, குறை எதுவும் இல்லை என்றார். அவருக்குத்தான் பிடிபடவில்லை என்று நினைத்தாளே தவிர, என்னை அவள் சந்தேகிக்கவில்லை. வந்த ஓடர்களை ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டாள். பத்து வருடம் அவள் கட்டி வளர்த்த தொழில்! அந்தச் சனிக்கிழமைப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றோம் என்பதையும் வெட்கத்தைவிட்டு எழுதிவிடுகிறேன்.

சொல்லிவிட எத்தனையோ முறை வாயெடுத்தேன். இனிச் சொன்னால் போவது திரை மட்டுமா? இப்போதும் என்னைப் பற்றித்தான் யோசிக்கிறேன், பாருங்கள்!

திரை இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறது. காலையில் அதைத் தூசி தட்டித் துடைப்பவளும் அவள்தான்.

போன வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் புறப்படும்போது, அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். ஒரு கையில் மாதுளை நிறச் சேலை. மறு கையில் அதற்கு அச்சொட்டாகப் பொருந்திய சட்டை. அவளே சரியாகத்தான் எடுத்திருந்தாள்.

"ரெண்டும் ஒரே நிறமோ?"

ஓம் என்றேன்.

"நீங்கள் சொன்னாச் சரி" என்று உடுக்கப் போனாள்.