ஆறாம் பாடம்

என் முதல் மாணவி என் அம்மா. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன்; அம்மா ஞானஸ்நான வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். திருவொற்றியூரில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட எங்கள் சபையில், கடலில் முழுக்கு எடுப்பதற்கு முன் மஞ்சள் அட்டைப் புத்தகத்தின் ஆறு பாடங்களையும் ஒப்பிக்க வேண்டும். பாவம், மனந்திரும்புதல், விசுவாசம், ஞானஸ்நானம், ஜெபம், மன்னிப்பு. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆகவே ஒரு சிவப்புப் பேனாவோடு நான் டீச்சரானேன்.

கண்டிப்பான டீச்சர். பாவம் என்றால் என்ன என்று கேட்டதற்கு, "அடுத்தவ வவுறு எரியிற மாதிரி நடந்துக்கறது" என்றாள் அம்மா. புத்தகத்தில் அப்படி இல்லை என்று, தலையில் குட்டாத குறையாகத் திருத்தினேன். அப்பா சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவர். சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். எங்கள் வகுப்பைக் கேட்டுச் சிரிப்பதோடு சரி. ஐந்து பாடங்களுக்கும் டிக் விழுந்தது.

ஆறாவதில் மாட்டிக்கொண்டோம். பதில்கள் அம்மாவுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அந்தப் பாடத்துக்கு மட்டும் ஒப்பித்தால் போதாது. மனஸ்தாபம் இருக்கிறவரோடு ஒப்புரவாகிவிட்டு வந்தால்தான் தண்ணீரில் இறக்குவேன் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். அம்மாவின் மனஸ்தாபம் எதிர்வீட்டிலேயே குடியிருந்தது. அப்பாவின் அக்கா, என் அத்தை.

இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு ஒரு தம்பி பிறந்து, பதினோரு நாள் இருந்தான். அவனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியதெல்லாம் அத்தைதான். அவன் போய்ச் சில மாதம் கழித்து, தண்ணி லாரிக்குக் குடம் வைத்த வரிசையில் இருவருக்கும் வாய்த்தகராறு முற்றியது. பெத்த புள்ளையைக் காப்பாத்தத் தெரியாதவ, கொடத்தக் காப்பாத்த வந்துட்டா என்று அத்தை தெருவே கேட்கச் சொல்லிவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. அதன்பிறகு இரண்டு வீட்டுக் குடங்களையும் வரிசையில் வைப்பது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கு. வெள்ளைப் புடவைகூட வாங்கியாகிவிட்டது. தினமும் அம்மா வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டுவாள். திரும்பி வந்து அரிசி களைவாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது எட்டடிச் சந்து. எனக்கு எரிச்சலாக வந்தது. என் அம்மாவுக்கு நான்தான் டீச்சர் என்று சண்டே ஸ்கூல் முழுக்கப் பீற்றி வைத்திருந்தேன். மாணவி பெயிலானால் என் மானம்தானே போகும்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அத்தை வீட்டுக்குப் போனேன். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அம்மா உங்ககிட்ட மன்னிப்பு கேட்டாங்க என்றேன். மீனைக் கிள்ளிய கை அப்படியே நின்றது. உங்கம்மாவா சொல்லி அனுப்பியது என்று கேட்டாள், ஆமாம் என்றேன். அதே சூட்டில் வீட்டுக்கு வந்து, அத்தை மன்னிப்பு கேட்டதாக அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாயில் உட்கார்ந்துவிட்டாள். முழுக்கு முடிந்ததும் போய்ப் பார்க்கிறேன் என்றாள். மறுநாள், ஒப்புரவாகிவிட்டது என்று பாஸ்டரிடமும் சொல்லி வந்தாள். பொய் சொல்வது பாவம் என்பது முதல் பாடத்திலேயே இருந்தது. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

ஞாயிறு காலை, கருங்கல் கொட்டிய கரையில் கொஞ்சம் மணல் மிஞ்சியிருந்த இடத்தில், வெள்ளை உடுத்தியவர்கள் வரிசையாக நின்றார்கள். அம்மா மூன்றாவது. நெற்றி நிறையக் குங்குமத்தோடு, கையில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அத்தை வருவதைப் பார்த்ததும் நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அத்தை நேராக அம்மாவிடம் போனாள்.

"நீ இன்னாத்துக்கும்மே மன்னிப்பு கேட்டு அனுப்புன? பேசனது நான்தானே."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் நின்ற பாஸ்டர் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார். அவளுடைய ஒரு கால் வரிசையை விட்டு விலகியது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"நான் கேட்டு அனுப்பல அண்ணி. நீங்களும் அனுப்பல போலகீது" என்றாள் அம்மா. "கெடக்கட்டும். அந்தப் பேச்ச இங்கியே வுட்டுடறேன்."

அத்தை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா தண்ணீரில் இறங்கினாள்.

திரும்பும்போது ஈரப்புடவைப் பையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் நடக்க, அம்மாவும் அத்தையும் பின்னால் வந்தார்கள். அடி நிச்சயம் என்பதால் காது மட்டும் பின்னாலேயே இருந்தது. அம்மா என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"அவன் மூஞ்சி உங்களுக்கு ஞாபகம் கீதா அண்ணி?" என்று கேட்டாள்.

அத்தை நெற்றி, மூக்கு, காதுமடல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மா இன்னும், இன்னும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எங்கள் வீட்டில் தம்பியின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. தம்பிக்கென்று அம்மாவிடம் மிஞ்சியிருந்தது அத்தைமேல் இருந்த அந்தக் கோபம் ஒன்றுதான். அதைத்தான் கடலில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

நான் அடிக்குத் தப்பித்த சந்தோஷத்தில் வீட்டுக்குள் ஓடி, சிவப்புப் பேனாவை எடுத்து, ஆறாம் பாடத்துக்குப் பெரிதாக ஒரு டிக் போட்டேன். எட்டடிச் சந்தைக் கடக்க இவ்வளவு நாளா என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.