அயர்லாந்துக்குப் போகிற பிள்ளைகளும் என் இன்சூரன்ஸ் மேஜையும்

பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற சந்தோஷத்தில் வருகிறவர்களிடம், "அங்கே போய் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று பேச்சைத் தொடங்குவதுதான் என் தொழில். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாணவர்களை அயர்லாந்துக்கு அனுப்பி வைக்கும் ஆபீஸ் எங்களுடையது. அங்கே மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுப்பது நான். அந்தச் சான்றிதழ் இல்லாமல் விசா கிடையாது. பிள்ளையை அனுப்பிவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருக்கும் அப்பா அம்மாக்களே, உங்கள் படபடப்பில் எனக்கும் பங்கு உண்டு, கேளுங்கள்.

பல்லுக்குக் கிடையாது

கன்னிவாடியிலிருந்து ஒரு விவசாயி தன் மகன் ஜெரோமைக் கூட்டி வந்தார். எதற்கெல்லாம் பாலிசி உதவும் என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. "பல் வைத்தியத்துக்கு மட்டும் கிடையாதுய்யா" என்றேன். சட்டென்று எழுந்தார். மகனை வாயைத் திறக்கச் சொல்லி செல்போன் டார்ச்சை அடித்தார். கடைவாயில் ஒரு சொத்தை! மறு நிமிடம் இரண்டு பேரும் மாடிப்படி இறங்கிவிட்டார்கள்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது ஜெரோமின் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. வாயில் பஞ்சு. அப்பாவுக்கோ தாங்க முடியாத சந்தோஷம். "பிடுங்கியாச்சும்மா! இப்ப இவன் உடம்புல மிச்சம் இருக்கிற அம்புட்டுக்கும் பாலிசியைப் போடுங்க!"

ஓடு, ரயிலடிக்கு

சிறுமலைப் பெண் ரெஜினா, மறுநாள் விசாவுக்குக் கொடுக்க வேண்டிய சான்றிதழை வாங்கிக்கொண்டு சென்னை ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள். அப்புறம்தான் கம்ப்யூட்டரில் பார்க்கிறேன், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில் ஓர் எழுத்து சான்றிதழில் இல்லை! கம்பெனிக்குப் போன் போட்டுக் கெஞ்சித் திருத்தி வாங்கி, அச்செடுத்துக்கொண்டு ஸ்கூட்டரை முறுக்கினேன்.

ரயில் நின்றுகொண்டிருந்தது. "ரெஜினா! ரெஜினா!" என்று ஜன்னல் ஜன்னலாகக் கத்திக்கொண்டு ஓடினேன். ரயில் அசைந்த நேரத்தில் ஒரு ஜன்னலில் அவள் முகம். "பேரு தப்பா வந்திருச்சும்மா, இதைக் குடு!" என்று காகிதத்தை அவள் கையில் திணித்தேன். உலகக் கோப்பை வாங்கியதுபோல இருந்தது எனக்கு. நகர்ந்துபோகிற ஜன்னலிலிருந்து அவள் சொன்னாள்: "ஏன்க்கா இப்படி ஓடி வாறீங்க? வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தா சென்னையில பிரிண்ட் எடுத்திருப்பேன்ல!"

வயிற்றுவலி

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி வியாபாரம் செய்கிற பாக்கியம் அம்மா ஒருநாள் போனும் கையுமாக மாடியேறி ஓடி வந்தார். "அயர்லாந்துல பையனுக்கு ரெண்டு நாளா வயித்துவலிங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா சொத்தையே வித்துக் கட்டணும்னு மாத்திரையைப் போட்டுட்டுப் படுத்திருக்கானுங்க!" சொல்லும்போதே அழுதுவிட்டார்.

போனை வாங்கினேன். "எங்க வலிக்குது கார்த்தி?" என்றேன். "வலது பக்கம் கீழ, அக்கா" என்றான். குடல்வால் இருக்கிற இடமாயிற்றே! "ஏலே, பாலிசி எதுக்கு எடுத்துக் குடுத்தேன்? இப்பவே கிளம்பு!" என்று கத்தினேன். கூடத் தங்கியிருந்த பையன் அவனைக் காரில் ஏற்றினான். நான் இன்சூரன்ஸ் கம்பெனியைப் பிடித்தேன். குடல்வால் வெடிக்கிற நிலைமையாம், உடனே ஆபரேஷன். அன்று எங்கள் ஆபீஸில் யாரும் சாப்பிடவே இல்லை. செலவு தங்களுடையது என்று கம்பெனி ஒப்புக்கொண்ட செய்தி வந்தது. பின்னாலேயே அவன் கண் விழித்துவிட்டான் என்று போன் வந்தது. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினோம். பாக்கியம் அம்மா என்னைக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் எங்கள் ஆபீஸுக்கே வந்து மகனோடு வீடியோவில் பேசினார். கட்டிலில் கார்த்தி, முன்னால் ஒரு தட்டில் காய்ந்த ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, உங்க பாலிசியில ரசஞ்சோறு வராதுங்களா?"

தான் விற்றது வாங்கினவருக்குப் பயன்படவே கூடாது என்று விற்றவளே சாமி கும்பிடுகிற வியாபாரம், எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.