இரண்டாவது வயரும் மூன்றாவது வயரும்

அந்தக் காரைக் கெடுத்தவன் நான். அருளப்பு மாஸ்டர் அல்ல... நான்தான்!

இவ்வளவு காலம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். நானும் அதையேதான் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் நயினாதீவுக் குருக்கள் குடும்பம். நான் புங்குடுதீவு மடத்துவெளியில் குடியிருந்து பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். வெள்ளிக்கிழமைகளில் லோஞ்ச் படகில் ஏறிப் போய் எங்கள் பிள்ளையார் கோயிலில் பூசை செய்துவிட்டு வருவேன். அருளப்பு என்னோடு படிப்பித்தவர், அல்லைப்பிட்டிக்காரர். என்னிடம் ஒரு பழைய ஒஸ்ரின் கார் இருந்தது. இருவருக்கும் எஞ்சின் பைத்தியம். ஒரு ஆங்கிலப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நாங்களே கழற்றுவோம், நாங்களே பூட்டுவோம்.

இறக்குமதி நின்றுபோன காலம் அது. ஒரு பிளக்குக்காக யாழ்ப்பாணக் கடைகள் முழுவதும் அலைய வேண்டும். கிடைத்ததும் பொருந்தாது. பொருந்தினால் நட் கை தவறி எஞ்சினுக்குள் விழுந்து தொலையும். எத்தனை நாள் அந்தக் காரைக் காலால் உதைத்திருக்கிறேன்! கார் அசையாது, என் கால்தான் வீங்கும்.

அப்போது என் தங்கை பிள்ளைப்பேற்றுக்கு எங்கள் வீட்டில் வந்திருந்தாள். கலியாணமாகி நெடுநாள் காத்திருந்து உண்டான முதல் பிள்ளை. பிரசவ நோக் கண்டால் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டோட வேண்டும். அதற்கு என் கார் இருக்கிறதென்று எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை. எனக்கு அதில் பெரிய பெருமை.

பள்ளி விடுமுறையில் வந்த அந்த வெள்ளிக்கிழமை காலையில் அருளப்பு வந்து கார்பரேற்றரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினார். கார் நன்றாக ஓடியது. அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? அவர் போன பிறகு, எங்கோ தேடிப் பிடித்து வைத்திருந்த புது பிளக் வயர்களைப் போடுவோமென்று பழையவற்றை ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டேன். அடையாளம் எதுவும் வைக்கவில்லை.

எஞ்சினின் நாலு பிளக்குகளுக்கும் முறைவைத்துத் தீப்பொறியை அனுப்புவது ஒரு கறுத்த மூடி. அதற்குள் ஒரு முள் சுழலும். முதலில் ஒன்று, பிறகு மூன்று, நான்கு, இரண்டு என்று புத்தகம் சொன்னது. மூடியை வலப்பக்கமாகச் சுற்றி வருவதா, இடப்பக்கமாகவா? அந்தப் படத்தை எங்கள் கிரீஸ் விரல் கறைகளே மறைத்திருந்தன.

மூடியைத் திறந்து, எஞ்சினைக் கையால் சுழற்றும் கிராங் கம்பியைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் முள் எந்தப் பக்கம் போகிறதென்று தெரிந்திருக்கும். நான் சுற்றவில்லை. தீபம் காட்டினாலும் கோயில் வீதி சுற்றி வந்தாலும் வலப்பக்கமாகவே சுற்றிப் பழகிய கை இது. இடப்பக்கமாகச் சுற்றுவது எங்களுக்குச் செத்த வீட்டு வழக்கம். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும்போது அப்படிச் செய்ய மனம் வரவில்லை... வலமாகவே பூட்டினேன். லோஞ்சுக்கு நேரமாகிவிட்டதால் ஸ்ராட் பண்ணிப் பார்க்காமலே பூசைக்குப் போனேன்.

மறுநாள் விடிய அவளுக்கு நோக் கண்டது.

கார் இருமியது. கார்பரேற்றருக்குள்ளால் வெடித்தது. நின்றது. கிராங் அடித்து என் உள்ளங்கை பிய்ந்தது. தங்கையின் புருஷன் வாசலில் நின்று, "நேற்று அந்த மனுசன் கழற்றின சாமான்தானே வெடிக்குது" என்றார். நான் மறுபடியும் கிராங்கைப் பிடித்தேன். வாடகைக் கார் யாழ்ப்பாணம் போயிருந்தது. கடைசியில் ஒரு ட்ரக்டரின் பெட்டியில் பாய் விரித்து அவளைக் கிடத்திக்கொண்டு போனோம். வேலணைப் பாலத்தைத் தாண்டுமுன் பிள்ளை பிறந்தது. அழவில்லை.

வேளைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் பிழைத்திருக்குமா? தெரியாது. தெரியாததுதான் என்னைத் தின்கிறது.

அன்று மாலை வீட்டுக்கு வந்து அந்த மூடியைக் கழற்றிவிட்டுக் கிராங்கைச் சுற்றினேன். முள் இடப்பக்கமாகச் சுழன்றது. எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுக்கும் நான்குக்கும் இடம் ஒன்றே; என் பிழை இரண்டாவது வயரிலும் மூன்றாவது வயரிலும்தான் இருந்தது. அந்த இரண்டையும் மாற்றிப் போட்டேன், அவ்வளவுதான். ஒரே அடியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது... எத்தனை அழகான சத்தம்! அக்கம்பக்கத்தில் கேட்டுவிடுமென்று பயந்து உடனே நிறுத்தினேன்.

பிறகு என்ன செய்தேன் தெரியுமா? அந்த இரண்டு வயர்களையும் பழையபடி பிழையாகவே மாற்றிப் பூட்டினேன். பயத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்பமாட்டேன். கார் ஓடாதவரைக்கும் பழி கார்பரேற்றரில்தான் கிடக்கும் என்று யோசித்துத்தான் செய்தேன்.

அருளப்பு வந்தார். தங்கையின் புருஷன் பார்த்துக்கொண்டு நிற்க, கார்பரேற்றரைத் திரும்பத் திரும்பக் கழற்றினார். ஊதினார், துடைத்தார், பூட்டினார். ஒவ்வொரு முறையும் அது வெடித்தது. வியர்வையோடு என் பக்கம் திரும்பினார்.

"ஐயர், நான் சரியாத்தான் பூட்டினனான். நீர் பிறகு வேற ஏதும் தொட்டனீரோ?"

"இல்லை" என்றேன்.

அவர் வயர்களைப் பார்க்கவே இல்லை. என் சொல்லை நம்பினார். தன் ஸ்பானர் சாவிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு போனவர் அதன்பிறகு ஒரு எஞ்சினிலும் கை வைக்கவில்லை. அடுத்த தவணையே மன்னார்ப் பக்கம் மாற்றம் கேட்டுப் போய்விட்டார். என் தங்கைக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. இன்றும் அவருடைய பேரைச் சொன்னால் எழுந்து குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

கார் வேலியோரம் நிற்கிறது. கோழிகள் அதன் கீழ் முட்டையிடுகின்றன. போன மாதமும் தங்கை சொன்னாள்: "இதை ஆருக்கும் வித்துத் துலையுங்கோவன் அண்ணை. கண்ணில காட்டாதேங்கோ."

"பாப்பம்" என்றேன்.

விற்க ஏலாது. வாங்க வருகிறவன் கிராங்கைச் சுற்றிப் பார்ப்பான், பிறகு அந்த மூடியைத் திறப்பான். அருளப்பு தொட்டது கார்பரேற்றரை மட்டுந்தான் என்று அறிந்த அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். "ரெண்டு வயர்தான் மாறிக் கிடக்கு" என்று அவன் சொல்வான். கார் ஓடும்.