இன்னொரு பிரதி

அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் அவளை எல்லோரும் ஸ்கேன் அக்கா என்பார்கள். புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. ஏற்றிய நூலுக்கு வேறொரு நூலகத்தில் இன்னொரு பிரதி இருந்தால், இங்குள்ளது காகித ஆலைக்குப் போய்விடும். அவற்றை ஏற்றிப்போகும் லாரியை ஓட்டுபவன் அவளுடைய தம்பி.

ஒரு நாள் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி பழைய கிணற்றுநீர் ஆய்வு நூலைக் கேட்டாள். திரையில் திறந்தால், அவளுக்கு வேண்டிய அட்டவணை முழுக்க மங்கலாக இருந்தது. அச்சுப் பிரதி எப்போதோ ஆலைக்குப் போயிருந்தது. ஸ்கேன் அக்கா பக்கத்து நகர நூலகத்துக்குப் போன் செய்தாள்.

"உங்ககிட்ட இருக்குன்னுதானே நாங்க எங்களோடத கழிச்சோம்?" என்றார் அந்த நூலகர்.

மாலையில் லோடு ஏற்ற வந்த தம்பியிடம் விசாரித்தாள்.

"அந்த லைப்ரரி லோடையும் நான்தான்க்கா எடுத்தேன். எல்லாம் அப்பவே கூழாயிடுச்சு. ஏன், என்னாச்சு?"

அவள் மிச்சப் புத்தகங்கள் இருந்த அறையைப் பூட்டிச் சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் தலைமை நூலகர் வந்தார். "நாளைக்கு இங்க மேசை நாற்காலி வருது. கதவைத் திறம்மா."

அவள் திரையில் மங்கலான பக்கத்தைக் காட்டி, இரண்டு நூலகத்துப் பிரதிகளும் ஆலைக்குப் போனதைச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இப்படி இன்னும் எத்தனை இருக்கு?" குரல் இறங்கியிருந்தது.

"தெரியல சார். இதுவரைக்கும் யாரும் திறந்தே பாக்கல."

லாரி காலியாகத் திரும்பிப் போனது. அவள் கணினியில் அடுத்த நூலைத் திறந்தாள். அதுவும் மங்கலாகவே இருந்தது.